பிள்ளையைப் பார்க்கப் போன இப்ராஹீம் நபி (அலை)

(ஹம்து, ஸலவாத்திற்குப் பின்...)



சென்ற மாதம் ஒரு நாள் லுஹர் முடிந்து நான் அறைக்குத் திரும்பியபோது, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் இரண்டு பாஸ்போர்ட். "ஹழ்ரத், பேரன் பொறந்து நாலு வருஷம் ஆச்சு. இன்னும் கையில தூக்கல. எனக்கும் வீட்டுல அவங்களுக்கும் பிரான்சுக்கு விசா போட்டிருக்கோம். கிடைக்கணும்னு துஆ செய்யுங்க" என்றார். துஆச் செய்தேன். ஆமீன் சொல்லிவிட்டு அவர் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கேட்டார்: "கிடைச்சாலும் மூணு மாசம்தான். அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க. நாங்க அங்க போய் என்ன ஹழ்ரத் செய்யப் போறோம்?"

அவருக்கு அன்று சரியான பதில் எனக்கு வரவில்லை. அதைத்தான் இன்று மிம்பரில் பேச வந்திருக்கிறேன்.

நம் ஊருக்கு இது புதிய கவலை அல்ல. முல்லா வீதியிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. நம் பாட்டனார்கள் காலத்தில் அது சைகோன். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிப் போய் அங்கே துணிக்கடையும் வியாபாரமும் நடத்தினார்கள். தமிழ் முஸ்லிம்கள் 1935ல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் அந்த நகரத்தின் நடுவில் இருக்கிறது. பிறகு 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று விரும்பியவர்கள் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு கையெழுத்தால் அறுபது வருடம் கழித்து அண்ணனுடைய பேரப்பிள்ளைகளுக்குச் சிவப்பு பாஸ்போர்ட், தம்பியுடைய பேரப்பிள்ளைகளுக்கு நீல பாஸ்போர்ட். ஒரே பாட்டனாருடைய வாரிசுகள் ஒருவரையொருவர் பார்க்க விசா கேட்டு நிற்கிறார்கள்.

போவது தவறு என்று நான் சொல்லவில்லை. ரிஸ்க்கைத் தேடிப் பூமியில் பரவிச் செல்லுமாறு இதே ஜும்ஆவைப் பற்றிய ஸூராவில்தான் அல்லாஹ் சொல்கிறான். ஆனால் போகும் விதம் ஒன்று இருக்கிறது. ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் ஹிஜ்ரத்திற்கு பைஅத் செய்ய வந்தார். பெற்றோரை அழுதபடி விட்டுவிட்டு வந்திருப்பதாகவும் சொன்னார். நபியவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களை அழ வைத்ததைப் போலவே சிரிக்க வைக்கும்படி சொல்லி அனுப்பினார்கள் (அபூதாவூத்). அவர் செய்ய வந்த அமல் ஹிஜ்ரத். சம்பளத்திற்காகப் போகும் நாம் அந்த ஹதீஸுக்கு முன்னால் எங்கே நிற்கிறோம் என்று அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்ராஹீம் நபியின் மூன்று பயணங்கள்

குழந்தை இஸ்மாயீலையும் ஹாஜர் அம்மையாரையும் விவசாயமே இல்லாத பள்ளத்தாக்கில் இப்ராஹீம் (அலை) விட்டுவிட்டு வந்தது நமக்குத் தெரியும். ஹஜ் மாதத்தில் ஆண்டுதோறும் கேட்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் அந்த நீண்ட ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

இஸ்மாயீல் (அலை) வளர்ந்து, ஜுர்ஹும் கோத்திரத்தில் திருமணம் முடித்துவிட்டார். தாயாரும் மவுத்தாகிவிட்டார்கள். ஷாம் தேசத்திலிருந்து தகப்பனார் மகனைப் பார்க்க வருகிறார். அந்தப் பாலைவன தூரம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். வந்து பார்த்தால் மகன் வீட்டில் இல்லை. மருமகள் மட்டும் இருக்கிறார். அவர் சம்பாத்தியத்திற்காக வெளியே போயிருப்பதாகச் சொல்கிறார்.

சகோதரர்களே, இதைத்தானே அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னார்? "அவங்க வேலைக்குப் போயிடுவாங்க" என்று. இப்ராஹீம் நபிக்கே அதுதான் நடந்தது.

உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று மருமகளிடம் கேட்டார்கள். அவர் புலம்பினார், கஷ்டம், நெருக்கடி என்று குறைப்பட்டுக்கொண்டார். கணவர் வந்ததும் ஸலாம் சொல்லச் சொல்லி, வீட்டு நிலைப்படியை மாற்றச் சொல்லுமாறு கூறிவிட்டுப் போய்விட்டார்கள். இஸ்மாயீல் (அலை) வீட்டுக்கு வந்ததும் ஏதோ உணர்ந்தவரைப் போல, யாராவது வந்தார்களா என்று கேட்டார். பல வருடம் பிரிந்திருந்த மகனுக்குத் தகப்பன் வந்துபோன வாடை தெரிகிறது பாருங்கள்! விஷயத்தைக் கேட்டு, அந்தப் பெண்ணை விட்டுப் பிரிந்தார்.

இரண்டாவது முறையும் மகன் இல்லை. வேறொரு மருமகள். அவர் அல்லாஹ்வைப் புகழ்ந்தார். நலமாக இருக்கிறோம் என்றார். சாப்பாடு என்ன என்று கேட்டதற்கு இறைச்சி என்றார், குடிப்பது என்ன என்று கேட்டதற்குத் தண்ணீர் என்றார். அந்த இரண்டிலும் பரக்கத் கேட்டு துஆச் செய்துவிட்டு, நிலைப்படியை உறுதியாக வைத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாவது முறைதான் மகனை நேரில் கண்டார்கள். ஸம்ஸமுக்கு அருகே ஒரு மரத்தடியில் இஸ்மாயீல் (அலை) அம்பு சீவிக்கொண்டிருந்தார். தகப்பனாரைக் கண்டதும் எழுந்தார். ஒரு தகப்பனும் மகனும் சந்தித்தால் எப்படியோ அப்படிச் சந்தித்துக்கொண்டார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அந்தச் சந்திப்பில்தான் இருவரும் சேர்ந்து கஅபாவின் சுவர்களை எழுப்பினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாமனார் சொன்னால் மருமகளை விலக்கிவிடலாம் என்று யாரும் இதை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. ஒருவர் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடம் வந்து, மனைவியைத் தலாக் சொல்லும்படி தகப்பனார் சொல்வதாகக் கூறினார். வேண்டாம் என்றார் இமாம். உமர் (ரலி) தம் மகனுக்கு அப்படிச் சொல்லவில்லையா என்று அவர் கேட்டார். உம்முடைய தகப்பன் உமரைப் போல ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. அது நபிமார்களின் வீட்டு விஷயம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, தள்ளாத வயதிலும் பிள்ளையைப் பார்க்க ஒரு நபி மீண்டும் மீண்டும் நடந்ததை. இரண்டு பயணம் முகம் பார்க்காமலேயே முடிந்தும் அவர்கள் மூன்றாவது முறை கிளம்பினார்கள்.

பெரியவரே, இதைப் படித்தால் உங்களுக்கான பதில் இதுதான்: போங்கள்.

வந்தவர்களை வைத்துக்கொள்ளும் விதம்

இனி அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு. இந்த உரையைப் பாரீஸில் இருந்து படிப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

தாயைக் கூப்பிட நீங்கள் படும் பாடு எங்களுக்கும் தெரியும். கடற்கரையில் நமக்கு ஒரு மேரி கட்டடம் இருப்பதைப் போல அங்கே ஒவ்வொரு ஊரிலும் ஒரு மேரி. அங்கே போய், வீடு எத்தனை சதுர மீட்டர், சம்பளம் எவ்வளவு என்று காட்டி, அத்தெஸ்தாசியோன் வாங்கி அனுப்ப வேண்டும். 30,000 யூரோவுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். அதன் பிறகும் 180 நாளில் 90 நாள்தான். இத்தனையும் செய்து அழைக்கிற பிள்ளைக்கு அல்லாஹ் கூலி தருவான். ஆனால் தாய் வந்து சேர்ந்த பிறகு?

நம் பகுதியில் ஒரு தாயார், போய் இரண்டு மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டார்கள். என் மனைவியிடம் சொன்னார்களாம்: "ஏழாவது மாடி. காலையில எல்லாரும் கதவைச் சாத்திட்டுப் போயிடுவாங்க. ஜன்னல்கிட்ட உக்காந்து கீழே போற ட்ராமை எண்ணிக்கிட்டிருப்பேன். மஃரிபுக்குப் பாங்கு சத்தம் இல்ல. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெயில் அடிக்குது!" ஜூனில் அங்கே சூரியன் மறைய பத்து மணியாகிவிடும். பேரப்பிள்ளை வருவான், பிரெஞ்சில் ஏதோ சொல்வான், இவர்களுக்குப் புரியாது. மகன் வீட்டில் குறை ஒன்றும் இல்லை; சாப்பாடு, ஹீட்டர், மருந்து எல்லாம் இருந்தது. பேச ஆள் இல்லை.

யூஸுஃப் (அலை) எகிப்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். நாடே பஞ்சத்தில் இருந்த நேரம், வேலைக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் பெற்றோர் வந்தபோது அவர்களைத் தம் பக்கம் அணைத்துக்கொண்டதாகவும், சிம்மாசனத்தில் ஏற்றி அமர்த்தியதாகவும் அல்லாஹ் சொல்கிறான் (12:99, 100). ஊருக்கு வெளியே வந்தே வரவேற்றார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். இன்னொன்றும் கவனிக்கிறார்கள்: தமக்கு அல்லாஹ் செய்த உபகாரத்தைத் தகப்பனாரிடம் சொல்லும்போது சிறையிலிருந்து வெளியேற்றியதைச் சொன்னார், கிணற்றை எடுக்கவேயில்லை. சகோதரர்கள் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள் அல்லவா? வெகுகாலம் கழித்து உறவுகள் கூடும்போது பழைய சொத்துப் பிரச்சினையை, யார் எவ்வளவு பணம் அனுப்பினார்கள் என்ற கணக்கை முதல் வாரமே மேசையில் வைக்கிற நம் வீடுகளுக்கு இந்த ஒரு இடம் போதும்.

விருந்தாளிக்கு உபசாரம் மூன்று நாள் என்று ஹதீஸில் இருக்கிறது. சிலர் இதைப் பெற்றோருக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். பெற்றோர் விருந்தாளி அல்லர். நீயும் உன் செல்வமும் உன் தகப்பனாருக்கு உரியவை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் இப்னு மாஜாவில் வருகிறது. தன் பிள்ளையின் வீட்டில் அவர்கள் அனுமதி கேட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போகும் நிலை வரக்கூடாது.

வருகிறவர் ஈமான் கொண்டவராக இல்லாவிட்டாலும் இதே கடமைதான். அஸ்மா (ரலி) மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்துவிட்டார்கள். குறைஷிகளோடு உடன்படிக்கை இருந்த காலத்தில் இணைவைப்பில் இருந்த அவர்களின் தாயார் மக்காவிலிருந்து மகளைப் பார்க்க வந்தார். சேர்த்துக்கொள்ளலாமா என்று அஸ்மா (ரலி) நபியவர்களிடம் கேட்டார்கள். தாயோடு உறவைப் பேணும்படி உத்தரவு வந்தது (புகாரி). நம் ஊரில் பிற சமயத்திலிருந்து இஸ்லாத்திற்கு வந்த சகோதரர்கள் இருக்கிறீர்கள். தாயாரை வீட்டுக்கு அழைக்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் ஆதாரம்.

பெண்கள் மஹ்ரம் இல்லாமல் அத்தனை தூரம் பயணம் செய்வது கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். தாயைத் தனியாக சென்னையில் விமானம் ஏற்றிவிட்டு, வீல்சேர் சொல்லியிருக்கிறோம் என்று திருப்தி அடைவது போதாது. ஒரு டிக்கெட் கூடுதல் செலவு என்றாலும் மகனே வந்து அழைத்துப் போகட்டும்.

லீவில் ஊருக்கு வருபவர்கள்

ஆகஸ்டில் நிறைய பேர் வருகிறீர்கள். முப்பது நாள் லீவு என்றால் அதில் பெற்றோரோடு உட்காரும் நாள் எத்தனை? ஈசிஆர், ஊட்டி, சென்னையில் துணிக்கடை, பத்திரப் பதிவு அலுவலகம். கடைசி இரண்டு நாள் பெட்டி கட்டுவதில் போய்விடுகிறது. தாய் பாத்திரம் நிறைய ஆக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தகப்பனார் உயிரோடு இல்லாதவர்கள் அவருடைய நண்பர்களைப் போய்ப் பாருங்கள். இப்னு உமர் (ரலி) மக்கா போகும் வழியில் ஒரு கிராமவாசியைச் சந்தித்து ஸலாம் சொல்லி, தாம் ஏறியிருந்த கழுதையையும் தலையில் இருந்த தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் கொஞ்சம் கொடுத்தாலே திருப்தி அடைபவர்களாயிற்றே என்று கூட இருந்தவர்கள் கேட்டபோது, அவருடைய தகப்பனார் என் தந்தை உமரின் நண்பர் என்றார்கள் (முஸ்லிம்). நம் பள்ளியின் முதல் ஸஃப்பில் உட்காரும் முதியவர்களில் பலர் உங்கள் அத்தாவோடு நோன்புக் கஞ்சி காய்ச்சியவர்கள்.

தொழுகை பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். ஹனஃபி மத்ஹபில், மனைவி மக்களோடு அங்கேயே நிரந்தரமாகக் குடியேறி, இந்த ஊரை இருப்பிடமாகக் கொள்வதை விட்டுவிட்டவர் இங்கே 15 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் கஸ்ர் செய்வார். குடும்பம் இங்கே இருக்க, வேலைக்கு மட்டும் போனவர் ஊருக்குள் நுழைந்ததுமே முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் நிய்யத் இருந்தால் முழுமைதான். உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் எல்லோருக்கும் முழுமை. மகனிடம் 90 நாள் தங்கப் போகும் பெற்றோரும் அங்கே முழுமையாகவே தொழ வேண்டும்.

சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. தகப்பன் மவுத்தாகிவிட்டார், மகன் பிரான்சிலிருந்து வர வேண்டும் என்று மய்யித்தை ஃப்ரீஸர் பெட்டியில் இரண்டு நாள், மூன்று நாள் வைக்கிறோம். ஜனாஸாவை விரைந்து கொண்டு செல்லும்படி நபியவர்களின் கட்டளை புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மகன் அழுதுகொண்டு போனில், "ஹழ்ரத், நான் வந்துடறேன், மூடிடாதீங்க" என்று கேட்கும்போது மறுத்துப் பேசுவது எனக்கும் எளிதாக இல்லை. ஒரு முறை பேச முடியாமல் விட்டுவிட்டேன். அந்த ஜனாஸா நாற்பது மணி நேரம் காத்திருந்தது. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர் இருக்கும் ஊரிலிருந்தே காயிப் ஜனாஸா தொழலாம். ஹனஃபியில் அது இல்லை. துஆவும் ஸதகாவும் கப்ரு ஸியாரத்தும் இருக்கின்றன. முடிவைப் பெற்றோரே உயிரோடு இருக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லி வைத்துவிடுங்கள். "நீ வர முடியலைன்னாலும் என்னைச் சீக்கிரம் அடக்கிடுங்க. அதுக்குப் பதிலா இப்ப ஒரு தடவை வந்துட்டுப் போ" என்று சொல்லுங்கள்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. விசா படிவம் நிரப்பத் தெரியாத பெரியவர்களுக்காக, கல்லூரியில் படிக்கும் நம் மஹல்லா பிள்ளைகள் இரண்டு பேர் வரும் திங்கள் முதல் மஃரிபுக்குப் பிறகு பள்ளி வராண்டாவில் இருப்பார்கள். பாஸ்போர்ட்டையும் பிள்ளைகள் அனுப்பிய காகிதங்களையும் எடுத்து வாருங்கள். கட்டணம் கிடையாது. ஸஃப்புகளைச் சரி செய்துகொள்ளுங்கள்.