வெண்ணொளியும் மின் சிக்கனமும்

ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுடைய மின்காந்த அலைகளே நம் கண்ணுக்கு ஒளியாகப் புலனாகின்றன. ஊதா குறைந்த அலைநீளமும், சிவப்பு மிகுந்த அலைநீளமும் உடையவை.

பழைய குண்டு பல்பில், டங்ஸ்டன் இழை சுமார் 2,500 பாகை செல்சியஸ் வரை சூடேறி ஒளிர்கிறது. ஆயினும், வெளிப்படும் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களே. ஆகவே, நுகர்வோர் செலுத்தும் கட்டணத்தில் பெரும்பங்கு வெப்பத்திற்கே செலவாகிறது.

எல்.இ.டி. விளக்கில் சூடேற்றப்படும் இழை இல்லை. குறைகடத்தியில் எலெக்ட்ரான்கள் இழக்கும் ஆற்றல் நேரடியாக நீல ஒளியாகிறது. மேற்பூச்சாக அமைந்த ஒளிர்பொருள் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக்குகிறது. எஞ்சிய நீலமும் மஞ்சளும் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றன. திறன்மிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் 2014-இல் இயற்பியல் நோபெல் பரிசு பெற்றனர்.

60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறது. நாள்தோறும் 5 மணி நேரம் எரித்தால், 30 நாட்களில் முன்னதற்கு 9 யூனிட்டும் பின்னதற்கு 1.35 யூனிட்டும் தேவை. 2015 ஜனவரியில் தொடங்கப்பெற்றுப் பின்னர் 'உஜாலா' எனப் பெயர்பெற்ற திட்டத்தின்கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் மலிவு விலையில் வழங்கப்பட்டன. ஏழைக் குடும்பத்திற்கு இது கட்டணச் சேமிப்பு. நாட்டிற்கோ, மாலை நேர மின்தேவையின் உச்சத்தைத் தணிக்கும் வழியாகும்.