கரண்ட் வைக்கச் சொல்கிறார்கள், ஆய்விலும் சேரச் சொல்கிறார்கள்

அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய், அதிலும் ஆபத்து கூடுதலான வகை. கதிர்வீச்சு (நம் பேச்சில் ‘கரண்ட்’) கொடுக்கலாம், ஓர் ஆய்வும் நடக்கிறது, சேர்கிறீர்களா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்கோ புதுச்சேரிக்கோ சென்னைக்கோ ஓடுகிற குடும்பம் என்ன செய்வது? என் பெரியப்பாவோடு ஐந்து வாரம் அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ரிப்போர்ட்டெல்லாம் இருக்கும் மஞ்சப்பையைக் கொட்டி மூன்றே விஷயங்களைத் தேடுங்கள்: ரத்தப் பரிசோதனையில் வந்த பி.எஸ்.ஏ. அளவு, பயாப்ஸியில் வந்த கிளீசன் எண், கட்டி சுரப்பிக்கு வெளியே தாண்டியிருக்கிறதா என்ற குறிப்பு. பி.எஸ்.ஏ. 20க்கு மேல், கிளீசன் 8 அல்லது அதற்கு மேல், கட்டி வெளியே பரவியது: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே ‘உயர் ஆபத்து’தான். பயாப்ஸி செய்த லேபிலிருந்து ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனைகளில் அவர்களே ஒருமுறை பார்க்காமல் சிகிச்சை தொடங்க மாட்டார்கள். இதை மறந்துவிட்டு எழுபது வயதுக்காரரை இன்னொரு முறை பஸ்ஸில் ஏற்றுவது பாவம்.

டாக்டர்கள் போடும் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. பி.எஸ்.ஏ.யில் மூன்றில் இரண்டு பங்கு. கிளீசனிலிருந்து 6ஐக் கழித்துப் பத்தால் பெருக்கியது. இரண்டையும் கூட்டினால் இடுப்புப் பகுதி நிணநீர் முடிச்சுகளுக்குள் நோய் ஒளிந்திருக்கும் வாய்ப்பு, சதவீதத்தில். பி.எஸ்.ஏ. 24, கிளீசன் 8 என்றால் 16உம் 20உம், ஆக 36. இது கொஞ்சம் கூட்டியே காட்டும் கணக்கு. படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். ஆனால் அடுத்து வரும் கேள்விக்கு இதுதான் வாசல்: கதிரைச் சுரப்பிக்கு மட்டும் வைப்பதா, முடிச்சுகளுக்கும் சேர்த்தா?

இந்தக் கேள்விக்கு உலகம் இன்று எடுத்துக்காட்டும் பதில்களில் ஒன்று நம் நாட்டிலேயே கிடைத்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் வேதாங் மூர்த்தி குழு 2011 முதல் 2017 வரை 224 நோயாளிகளைச் சேர்த்தது. ‘பாப்-ஆர்டி’ என்று பெயர். பாதிப் பேருக்குச் சுரப்பியில் மட்டும், மறு பாதிக்கு முடிச்சுகளிலும் கதிர். இரு அணிக்கும் 25 அமர்வு, கூடவே குறைந்தது இரண்டு ஆண்டு ஹார்மோன் சிகிச்சை. ஐந்தாண்டு முடிவில் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறாமல் இருந்தவர்கள் முதல் அணியில் சுமார் 81 சதவீதம், இரண்டாவதில் 95. ஆனால் மீதியையும் கேளுங்கள்: உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் அந்த ஐந்தாண்டில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை, நாள்பட்ட சிறுநீர்த் தொல்லை இரண்டாவது அணியில் இரு மடங்குக்கும் மேல். நெதர்லாந்து, பெல்ஜியத்தில் 571 பேரிடம் நடந்த ‘ஃபிளேம்’ ஆய்வு வேறு வழி பிடித்தது: எம்.ஆர்.ஐ.யில் கட்டி தெரிகிற இடத்தை மட்டும் குறிபார்த்துக் கூடுதல் அளவு. அங்கும் பி.எஸ்.ஏ. பலன் தெரிந்தது. டாடாவின் அடுத்த ஆய்வு ‘பிரைம்’, 25 அமர்வை ஐந்தாக்கலாமா என்று பார்ப்பது. நம் ஊர்க்காரருக்கு லாட்ஜ் வாடகையே பாதிச் செலவு. என்னைக் கேட்டால் இந்த மூன்றில் நமக்கு நெருக்கமான கேள்வி அதுதான்.

இனி சம்மதப் படிவம். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்; திருவுளச்சீட்டு மாதிரி. “எங்க அப்பாவுக்கு நல்லதா பாத்துக் குடுங்க சார்” என்று டாக்டரைக் கெஞ்சிப் பயனில்லை. எது நல்லது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது. தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்குத் தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னால் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு. தகவல் தாளில் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) எண் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவது 2009 முதல் கட்டாயம், அந்த எண்ணைப் போட்டு யாரும் இணையத்தில் பார்க்கலாம். கேட்க வேண்டியவை: ஆய்வுக்கென்று எடுக்கும் கூடுதல் ஸ்கேனுக்கு யார் பணம்? பாதிப்பு வந்தால் சிகிச்சை யார் பொறுப்பு? பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ தவிர வேறு பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. போகும் மருத்துவமனை பட்டியலில் உண்டா என்று முன்பே கேளுங்கள். புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு, படிவம் மருத்துவமனையில் தருவார்கள்; காட்பாடி போகும் ரயில் நம் ஊர் வழியாகத்தான் போகிறது.

தேதி குறிக்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். கரண்ட் வைப்பது திங்கள் முதல் வெள்ளி வரை. ஐந்து வாரத்துக்குள் ஒரு பௌர்ணமி வராமல் போகாது. அன்றைக்கு கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நின்றுவிடும். முதல் நாளே கிளம்பிவிடுங்கள். கார்த்திகை தீபம் என்றால் சிகிச்சை ஊரிலேயே அறை எடுப்பது உத்தமம்.

கரண்ட் வைக்கும் படுக்கையில் ஏறும்போது நீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். நிறைந்த நீர்ப்பை குடலை மேலே தள்ளி, கதிர் படாமல் காக்கும். பொதுவாக முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள்; அளவு இடத்துக்கு இடம் மாறும். பெரியப்பா பஸ்ஸில் அவசரம் வந்துவிடும் என்று பயந்து காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அங்கே போய் அரை லிட்டரைக் குடித்தார், உடம்பே அதை உறிஞ்சிக்கொண்டது. படம் எடுத்துப் பார்த்த டெக்னீஷியன், “ஐயா, பாதிதான் நெறஞ்சிருக்கு, எறங்குங்க” என்றார். மறுபடி பாட்டில், மறுபடி பெஞ்சு. மறுநாளிலிருந்து பஸ் ஏறும் முன்பே இரண்டு டம்ளர், போளூரில் வண்டி நின்றதும் கழிப்பறைக்கு ஒரு நடை. மொச்சை, கோஸ், கொண்டைக்கடலைச் சுண்டல் ஐந்து வாரத்துக்கு வேண்டாம், வாயு சேர்ந்தால் சுரப்பியே இடம் நகரும். கதிரைக் குறிபார்க்க இடுப்பில் போட்ட புள்ளிகளைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

ஹார்மோன் ஊசி எலும்பையும் தசையையும் கரைக்கும், உடம்பு திடீரென்று கொதிக்கும். தினமும் நடக்கச் சொல்லுங்கள். கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரையும் சுற்ற வேண்டாம், முடிந்த தூரம் போய்த் திரும்பினாலே தாராளம்.

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பி.எஸ்.ஏ.யையும் தேதியோடு எழுதுங்கள், ஒரே லேபில் எடுங்கள். மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கொள்வார்கள்: 0.1 வரை இறங்கியிருந்தால் 2.1. பெரியப்பாவின் நோட்டில் கடைசி வரி 0.3. அதற்கு முந்தையது 0.2. அன்றிரவு பெரியம்மா சாப்பிடவில்லை.