பேட்ஜர் பிரஷ்: மிருது எங்கே இருக்கிறது?

ஷேவிங் ஃபோம் டப்பாவை ஓரங்கட்டிவிட்டு சோப்பும் பிரஷ்ஷுமாகச் சவரம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் சீக்கிரமே பேட்ஜர் முடியில் வந்து நிற்பார்கள். பேட்ஜர் என்பது வளைக்கரடி. நீர்நாய்க்கு உறவான, வளை தோண்டி வாழும் விலங்கு. அதன் முடியில் செய்த பிரஷ்ஷுக்கு ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் பெரிய மதிப்பு உண்டு. அந்த மதிப்பைச் சுற்றி வளர்ந்த தவறான நம்பிக்கைகள் வாங்குபவரின் பணத்தையும் கரைக்கின்றன, விலங்கின் உயிரையும் குடிக்கின்றன. அதனால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

"சில்வர்டிப் என்று போட்டிருந்தால் முதல்தரம்"

பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். தங்கத்துக்கு ஹால்மார்க் இருப்பதுபோல இவற்றுக்குப் பொதுவான தரச்சான்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் கணக்கில் பெயர் வைக்கிறார். ஒருவரின் 'பெஸ்ட்' இன்னொருவரின் 'சூப்பர்' பிரஷ்ஷைத் தாண்டி நிற்கலாம். 'பியூர்' என்பதை உயர்ந்த ரகம் என்று நினைத்து வாங்குகிறார்கள். வரிசையில் கடைசியில் இருப்பது அதுதான்: நிறம் கறுத்தது, முடி முரடு. வெள்ளை நுனியை மட்டும் நம்பவும் முடியாது. சாதாரண முடியை வெளுத்து வெள்ளையாக்கி விற்பதும் நடக்கிறது.

"மிருதுவாக இருந்தால் விறைப்பு இருக்காது"

குழப்பம் அதிகம் இங்கேதான். மிருது நுனியைப் பொறுத்தது. விறைப்பு முடிக்கட்டைப் பொறுத்தது. இரண்டும் ஒரே பிரஷ்ஷில் தாராளமாகச் சேர்ந்திருக்கலாம்.

விலங்கின் உடம்பில் வளர்ந்த முடி நுனிக்குப் போகப்போக ஊசியாக மெலியும். அந்த இயற்கை நுனி அப்படியே இருந்தால் கன்னத்தில் பட்டுபோலப் படும். தேர்ந்த கைவினைஞர் முடியைக் கிண்ணம் போன்ற ஒரு சிறு அச்சில் நுனி கீழே இருக்கும்படி போட்டு, தட்டித் தட்டி உருவம் கொண்டுவருவார். வெட்டுவதெல்லாம் அடிப்பக்கம்தான், அது பசைக்குள் மறைந்துவிடும். மலிவான பிரஷ்ஷில் கட்டைக் கட்டிவிட்டு மேல்பக்கத்தைக் கத்தரியால் சீராக்குகிறார்கள். மெலிந்த நுனி போய் மொட்டை முனை மிஞ்சும். அதுதான் குத்துகிறது. கடையில் பிரஷ்ஷை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி கலைந்து மங்கி முடிந்தால் இயற்கை நுனி. புல்வெளி வெட்டியதுபோல ஒரே மட்டமாகப் பளிச்சென்று முடிந்தால் கத்தரி பட்டது. முன்கையின் உள்பக்கத்தில் வட்டமாகத் தேய்த்தாலும் தெரிந்துவிடும்.

விறைப்புக்கு இரண்டு அளவு பார்க்க வேண்டும்: கட்டின் குறுக்களவு, கைப்பிடிக்கு மேலே முடி நிற்கும் உயரம். 24 மில்லிமீட்டர் கட்டு 50 மில்லிமீட்டர் உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அதே முடியை 60 வரை உயர்த்திக் கட்டினால் முகத்தில் துவண்டு விழும். முடி எவ்வளவு நெருக்கம் என்பதும் கணக்கு. நுனி வெள்ளை, கீழே கறுப்பு என இரண்டு பட்டையாகத் தெரியும் முடி பொதுவாகத் தடித்தது, விறைப்பானது. அடியிலும் வெளிறித் தெரியும் மூன்று பட்டை முடி மெல்லியது. கட்டி சோப்பைக் கரைத்து எடுப்பவருக்கு விறைப்பு உதவும், கிரீம் பூசுபவருக்கு அது அவசியமில்லை. பெயரை விட்டுவிட்டு குறுக்களவு, உயரம் என்ற இரண்டு எண்களைக் கேட்டு வாங்குபவர் ஏமாறுவது அபூர்வம்.

"தலைகீழாகத் தொங்கவிடாவிட்டால் கெட்டுப்போகும்"

முடிகளுக்கு நடுவே இருக்கும் நீரை அந்தக் குறுகிய இடைவெளிகளே பிடித்து வைத்திருக்கின்றன. தொங்கவிட்டதும் அது சொட்டிவிடாது. நன்றாக உதறி, துண்டில் ஒற்றி, காற்றாடும் இடத்தில் நிமிர்த்தி வைத்தாலும் காயும். உண்மையில் கெடுப்பது மூடிய டப்பாவும் கொதிக்கும் வெந்நீரும்தான்.

"பேட்ஜருக்கு மாற்றே கிடையாது"

ஒரு காலத்தில் உண்மை. பழைய நைலான் பிரஷ் நீரைப் பிடிக்காது, முகத்தில் வழுக்கும். இப்போது வரும் செயற்கை இழையின் நுனி மெலிந்திருக்கிறது. ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், முடி உதிர்வதும் குறைவு. கட்டி சோப்பு பிடிப்பவர்களுக்குப் பன்றிமுடி பிரஷ் இருக்கிறது. முதல் சில வாரம் முரடாக இருக்கும், பிறகு ஒவ்வொரு முடியின் நுனியும் பிளந்து மிருதுவாகும். நல்ல பேட்ஜர் பிரஷ்ஷின் விலையில் இவற்றில் பல வாங்கலாம். விலைக்கேற்ற பலன் என்று பார்த்தால் என் ஓட்டு தயக்கமில்லாமல் செயற்கை இழைக்குத்தான்.

"முடி எங்கிருந்தோ வருகிறது, விலங்குக்கு என்ன?"

பிரிட்டனில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் பேட்ஜரைக் காக்கிறது. அதனால் புகழ்பெற்ற பிரிட்டிஷ் பிரஷ்ஷிலும் இருப்பது பிரிட்டிஷ் பேட்ஜரின் முடி அல்ல. உலகச் சந்தைக்கு இந்த முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. 2018இல் பீட்டா அமைப்பின் ஆசியப் பிரிவு அங்குள்ள பண்ணைகளில் பேட்ஜர்கள் சிறு கம்பிக் கூண்டுகளில் அடைபட்டிருப்பதைப் படமெடுத்து வெளியிட்டது. அதன்பின் பல நிறுவனங்கள் இந்த முடியைக் கைவிட்டன. முடிக்காக ஆடு வளர்த்துக் கத்தரிப்பதைப் போன்றதல்ல இது. விலங்கைக் கொன்றுதான் தோலும் முடியும் எடுக்கிறார்கள். வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

"தாத்தா காலத்துப் பிரஷ்தான் அசல்"

பழம்பொருள் கடையில் நூறாண்டுப் பழைய பிரஷ் கிடைத்தால் எச்சரிக்கை வேண்டும். முதல் உலகப் போரில் ஐரோப்பா வழியாக வந்துகொண்டிருந்த பேட்ஜர் முடி தடைப்பட்டது. சைபீரியா, சீனா பக்கத்துக் குதிரைமுடியைப் பேட்ஜர் போலச் சாயமிட்டு பிரஷ் செய்தார்கள். சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத அந்த முடியில் ஆந்த்ராக்ஸ் நுண்வித்துகள் இருந்தன. சவரத்தில் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறல் அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. பிரிட்டன், அமெரிக்கப் படைவீரர்களும் பொதுமக்களுமாக 200க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது, சிலர் இறந்தார்கள். இப்படிப் பிரஷ் செய்து அனுப்பிய ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதை பிரிட்டன் 1920இல் தடைசெய்தது.

இன்று ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனாலும் நுண்வித்து பல்லாண்டு உயிரோடு இருக்கக்கூடியது, வீட்டில் சோப்பு போட்டுக் கழுவினால் போகாது. கைப்பிடியின் அழகில் மயங்கி வாங்கியவர்கள் பழைய முடிக்கட்டைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துத் தோண்டி எடுத்துவிட்டு, புதிய செயற்கை இழைக்கட்டை அதில் ஒட்டிக்கொள்ளலாம். கைப்பிடியில் உள்ள குழியின் குறுக்களவை முதலில் அளந்துவிட்டுக் கட்டு வாங்குங்கள்.