நேரம் ஒன்று, பெயர்கள் பல

நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "டைட்டன், சொனாட்டா, ஃபாஸ்ட்ராக் மூன்றும் ஒரே கம்பெனிதானாமே ஸார், பிறகு எதற்கு மூன்று பெயர்?" பெற்றோருக்கும் பயன்படும் கேள்வி என்பதால் விடையை இங்கே எழுதுகிறேன்.

சாவி கொடுக்கும் கடிகாரம் பிசகாமல் ஓட, தேர்ந்த கைவேலை வேண்டும். அதற்கேற்ப விலையும் ஏறும். குவார்ட்ஸ் கடிகாரத்தில் பாட்டரியின் மின்சாரத்தால் ஒரு சிறு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் 1 வரும்; அதுவே ஒரு விநாடித் துடிப்பு. இதனால் மலிவான கடிகாரமும் சரியான நேரம் காட்டத் தொடங்கியது. அதன்பின் விலையைத் தாங்கி நிற்பவை தோற்றமும் பெயரும்தான்.

ஜப்பானிய குவார்ட்ஸ் கடிகாரங்களால் ஸ்விட்சர்லாந்து தடுமாறியபோது, 1983-இல் அந்நாட்டின் இரண்டு பெரிய கடிகாரக் குழுமங்கள் இணைந்தன. அதுவே இன்றைய ஸ்வாட்ச் குழுமம். ஒமேகா, லாங்ஜின்ஸ், டிஸ்ஸோ, பிளாஸ்டிக் ஸ்வாட்ச் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்றால், எளியவர் விலைக்கு அஞ்சி வரமாட்டார். வசதியுள்ளவர் மதிப்புக் குறைவென்று விலகுவார்.

டைட்டன் கதையும் இதுவே. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984-இல் அதைத் தொடங்கின. தொழிற்சாலை நம் ஓசூரில். டாடா கம்பெனி என்றே பலரும் சொல்கிறோம். பங்குகளில் டிட்கோவின் பகுதி டாடாவினதைவிடச் சற்றுக் கூடுதல் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மலிவு விலைக் கடிகாரங்களுக்காக டைட்டன் முதலில் அமெரிக்காவின் டைமெக்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் அக்கூட்டு முடிந்தபோது, அந்த இடத்தை நிரப்ப வந்தது சொனாட்டா. இளைஞருக்கு ஃபாஸ்ட்ராக், பெண்களுக்கு ராகா.

நாம் வாழும் ஹைதராபாத்திலும் கடிகாரம் செய்தார்கள். 1942-இல் தோன்றிய ஆல்வின், ஜப்பானின் செய்கோவிடம் தொழில்நுட்பம் பெற்றுக் கைக்கடிகாரம் தயாரித்தது. ஃபிரிட்ஜிலும் பஸ்ஸிலும் கடிகாரத்திலும் அதே பெயர்! டைட்டன் ஒரு பொருளுக்குப் பல பெயர் வைத்தது. ஆல்வின் பல பொருளுக்கு ஒரே பெயர் வைத்தது. ஆல்வின் மறைந்ததற்கு இது ஒன்றே காரணமன்று. ஆனாலும் ஃபிரிட்ஜ் வாங்கும் மனமும், மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் மனமும் வேறல்லவா?

ஆகவே பெற்றோரே, பரீட்சையில் தேறிய பிள்ளைக்குக் குவார்ட்ஸ் கடிகாரம் வாங்கும்போது, கூடுதல் பணம் நேரத்துக்கு அன்று என்பதை அறிந்தே கொடுங்கள். குறைந்த விலைக் கடிகாரம் கட்டிய பிள்ளையும் பள்ளிக்கு அதே நேரத்தில்தான் போய்ச் சேரும்.