விளைச்சல் கூடியது ரகத்தாலா, பருவத்தாலா?

பழைய பதிவேட்டைப் புரட்டி, அன்றைய விளைச்சலை இன்றைய விளைச்சலிலிருந்து கழித்தால் ரக முன்னேற்றம் தெரிந்துவிடாது. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐஆர் 8, அறுபதுகளில் எக்டருக்கு 9 முதல் 10 டன் கொடுத்தது. தொண்ணூறுகளில் அங்கேயே மறுபடி நட்டபோது ஏறக்குறைய 2 டன் குறைந்தது. ரகம் அதேதான், சூழல் வேறு.

எனவே பழைய ரகங்களையும் புதியவற்றையும் ஒரே வயலில், ஒரே பருவத்தில் சேர்த்தே நடுங்கள். தலைமடைக்கும் கடைமடைக்கும் வளம் மாறும் என்பதால், அந்த மாற்றத்துக்குக் குறுக்காக நான்கு தொகுதிகள் பிரியுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகமும் ஒருமுறை வர வேண்டும். எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். 1919-ல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் வகுத்த முறை இது. சீட்டு இல்லாவிட்டால் நல்ல பாத்தி எப்படியோ புது ரகத்துக்கே போய்ச் சேரும்!

அறுவடையில் ஓர வரிசைகளைத் தவிருங்கள். எடையை 14 சதவீத ஈரப்பதத்துக்கு மாற்றுங்கள்: 20 சதவீத ஈரத்தில் 5 கிலோ என்றால், 5 × 80 ÷ 86 = 4.65 கிலோ. இதை விட்டால் பிந்தி முற்றும் ரகம் சும்மாவே ஜெயித்துவிடும்.

மூன்று பருவமாவது சேர்ந்த பிறகு கணினியில் கலப்பு மாதிரியைப் பொருத்துங்கள். ரகம் நிலையான விளைவு. பருவம், பருவத்துக்குள் தொகுதி, ரகமும் பருவமும் சேர்ந்து தரும் மாறுபாடு ஆகியவை சமவாய்ப்பு விளைவுகள். கடைசியாகச் சொன்னதைச் சேர்க்காவிட்டால் பிழை அளவு பொய்யாகச் சுருங்கும். மிச்சங்களை, அதாவது அளந்த விளைச்சலுக்கும் மாதிரி கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களை, வரைந்து பாருங்கள். தனித்து நிற்கும் புள்ளிக்கு எலியோ, எழுத்துப் பிழையோ காரணமா என்று வயல் குறிப்பேட்டில் தேடுங்கள். காரணம் கிடைக்காமல் நீக்காதீர்கள்.

பிறகு ஒவ்வொரு ரகத்தின் மதிப்பீட்டையும் அது வெளியான ஆண்டுக்கு எதிரே வைத்து நேர்கோடு பொருத்துங்கள். கோட்டின் சரிவுதான் ஆண்டுக்கு எத்தனை கிலோ கூடியது என்பதற்கான விடை. பாத்திகள் 72 இருந்தாலும் ரகங்கள் 6 என்றால் இந்தக் கோட்டுக்குப் புள்ளிகள் 6 மட்டுமே. அதனால் நம்பக எல்லைகளையும் சேர்த்தே அறிக்கையில் எழுதுங்கள்.

முடிந்தால் சோதனையை இரண்டாக நடத்துங்கள்: ஒன்றில் முழுப் பயிர்ப் பாதுகாப்பு, இன்னொன்றில் மருந்தே இல்லை. முதலாவது விளைதிறன் எவ்வளவு கூடியது என்று காட்டும். இரண்டாவதில் பழைய ரகம் சரிவது, பூச்சி, நோய் எதிர்ப்புத் திறனைக் காக்க நடந்த உழைப்பின் அளவைச் சொல்லும்.