ஏறத் தெரிந்தவர் இறங்கப் பழகும் விதம்

கேள்வி: ஐயா, போடிநாயக்கனூரில் வசிக்கும் நான், கியர் வைத்த மலைச் சைக்கிளில் ஞாயிறுதோறும் முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறி இறங்குகிறேன். ஏறும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் ஏலத்தோட்டத்து ஜீப்புத் தடத்தில், கல்லும் சருகுமாகக் கிடக்கும் இறக்கத்தைக் கண்டால் கை விறைத்துப்போகிறது. பிரேக்கை விட மனம் வருவதில்லை. முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த விலையுயர்ந்த சைக்கிள் வாங்கினால் இக்குறை நீங்குமா? அல்லது அதே தடத்தில் மேலும் பழகுவதுதான் வழியா?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். போடியிலிருந்து மெட்டு வரை ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தூரத்தில், 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறிவிடுகிற ஒருவருக்கு மூச்சிலும் காலிலும் யாதொரு குறையும் இராது; ஆயினும், உலர்ந்த தார்ச்சாலை சக்கரத்தை இறுகப் பற்றிக்கொண்டே இருப்பதனால், வண்டி தம் வசத்தை விட்டு நழுவும்போது சரீரம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியே அந்தச் சாலையில் தங்களுக்கு எழுந்திராது. ஜீப்புத் தடத்திலோ அந்தக் கேள்வியோடு கல்லும் வளைவும் பயமும் ஒருங்கே வந்து எதிரே நிற்கின்றன. அனைத்தையும் ஒரே சமயத்தில் கற்க முயல்வதால் எதுவும் படிவதில்லை. ஆகவே, ஒவ்வொரு சாமர்த்தியத்தையும் அது தனித்துக் கிடைக்கும் இடத்துக்குச் சென்று, வேறு வேறு விதமான ஓட்டங்களில் அப்பியாசம் செய்துகொண்டு, பிறகு தடத்துக்குத் திரும்புவதே உசிதம்.

நம் ஊர்ப் பொங்கல் விளையாட்டுகளில் கடைசியாக வந்து சேர்பவருக்குப் பரிசு கொடுக்கிறார்களே, அந்த ஸ்லோ சைக்கிள் பந்தயத்தைச் சற்று மரியாதையோடு நினைத்துப் பாருங்கள். பெடல் இரண்டையும் சமமட்டத்தில் நிறுத்தி, பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே அதற்கு எதிராகக் காலால் அழுத்தி, ஹேண்டில்பாரைச் சற்றே திருப்பி, கண்ணைச் சக்கரத்தின்மேல் வைக்காமல் சில கெஜ தூரத்துக்கு அப்பால் வைத்து, கால் ஊன்றாமல் நிற்கிற அந்த வித்தையே, மேலைநாட்டார் டிரையல்ஸ் என்ற பெயரில் பாறைக்குப் பாறை தாவிச் செய்யும் சாகசங்களுக்கு அஸ்திவாரம். சந்தைத் திடலில் இரவும் பகலும் கீழே இறங்காமல் சைக்கிள் சுற்றி, அதன் மேலேயே குளித்தும் உண்டும் காட்டியவர்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஸ்பிரிங் ஏது, கியர் ஏது? வீட்டு வாசலில் மாலைதோறும் பத்து நிமிஷம் இதைச் செய்துவந்தால், தடத்தில் வண்டி ஏறக்குறைய நின்றுவிடுகிற சமயத்திலும் கால் பதறித் தரையைத் தேடாது.

அடுத்தது, கோடையில் வற்றிய கண்மாய். அங்குள்ள மேடு பள்ளங்களில் பெடலை மிதிக்காமல், எழுந்து நின்றபடி, மேட்டில் ஏறுகையில் கையையும் முழங்காலையும் மடக்கி வண்டியை இலேசாக்கி, இறங்குகையில் அவற்றை நீட்டி அழுத்தினால், வண்டி தானாகவே வேகம் கொள்வதைக் காண்பீர்கள். பணம் கொடுத்து வாங்கவிருக்கும் ஸ்பிரிங்கின் வேலையில் பாதியைத் தங்கள் முழங்கையே செய்துவிடும்.

மெட்டுச் சாலையையும் விட்டுவிட வேண்டியதில்லை. ஏறுவதற்காக அன்றி இறங்குவதற்காக ஒரு ஞாயிறு செல்லுங்கள். வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் பிரயோகித்து வேகத்தைத் தணித்து, வெளிப்புறப் பெடலைக் கீழே ஊன்றி, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைத்து, திரும்புகையில் பிரேக்கை விட்டுவிடுவது என்ற ஒழுங்கு அங்கேதான் கைக்குப் பழகும். ஓயாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தோட்டத் தொழிலாளரை ஏற்றிய ஜீப்புகள் விரையும் காலை மாலை வேளைகளையும், ஆடிக் காற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

வேறு வேறு விதமான ஓட்டங்களில் பழகும் இந்த உபாயம் புதியதன்று. கலிபோர்னியாவில் மரின் கவுண்டியின் மலைப்பாதை ஒன்றில், 1976-ஆம் ஆண்டு தொடங்கிய ரீபேக் என்னும் இறக்கப் பந்தயங்களில், பின் சக்கரக் குடத்துக்குள் கிரீஸ் புகைய பழைய தடித்த டயர் சைக்கிள்களை ஓட்டி இவ்விளையாட்டுக்கு உருக்கொடுத்த கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் முதலியோர், தார்ச்சாலைப் பந்தயத்திலும் தேர்ந்தவர்களே. நம் காலத்தில், டோக்கியோவிலும் பாரிஸிலும் மலைச் சைக்கிளுக்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற இங்கிலாந்தின் டாம் பிட்காக், 2022-இல் சேற்றுவயல் ஓட்டமாகிய சைக்ளோகிராஸில் உலக வெற்றி பெற்று, அவ்வாண்டு ஜூலையிலேயே டூர் டி பிரான்ஸில், 21 வளைவுகள் கொண்ட ஆல்ப் துவேஸ் மலையில் முதலாவதாக வந்தார். அன்று அவர் முன்னணிக் கூட்டத்தை எட்டிப் பிடித்தது, அதற்கு முன்னிருந்த காலிபியே கணவாயின் இறக்கத்தில்.

இவ்வளவுக்கும் பின் ஜீப்புத் தடம். சொந்தக்காரரின் அனுமதியோடு, சீட்டை நன்றாக இறக்கி, பெடலைச் சமமாக வைத்து, இடுப்பைச் சற்றே பின்னுக்குக் கொண்டுபோய், முன் பிரேக்கை ஒற்றை விரலால் தொட்டும் தொடாமலும் பிடித்து இறங்குங்கள். நனைந்த சருகின்மேல் திரும்பும்போது அதைத் தொடவே வேண்டாம். தடத்தை விட்டு ஓரடி விலகினாலும், ஏலச் செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும் சரங்கள் நசுங்கும்; தோட்டக்காரர் கோபிப்பது நியாயமே. குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் காட்டுவழியில், 2018 மார்ச் மாதக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்ததை இவ்வூரார்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை; வனத்துறையின் அனுமதியின்றி அப்பக்கம் சக்கரத்தைத் திருப்பாதீர்கள்.

சைக்கிள் வாங்கும் விஷயத்தில், இப்போதைக்குத் தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றி, தடத்தில் ஓட்டும் நாளில் மட்டும் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் போதும். அடுத்த பொங்கல் வரை இவ்விதம் பழகிய பிறகும் கை விறைக்குமானால், மறுபடி எழுதுங்கள்; ஸ்பிரிங்கைப் பற்றி அப்போது பேசலாம்.