மக்கள்தொகைக் கணக்கு படிக்க வந்தவர்களுக்கு

1. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: போன கணக்கெடுப்பின் தொகை, அதோடு பிறந்தவரைக் கூட்டி, இறந்தவரைக் கழித்து, வந்தவரைக் கூட்டி, விட்டுப் போனவரைக் கழிப்பது. நீங்கள் படிக்கப்போகும் மாதிரிகள் எல்லாம் இந்த வரவு செலவின் விரிவுதான்.

2. வயது என்பது வாசலில் நின்று கேட்டு வாங்கிய பதில். 2010 வாக்கில், ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு பாட்டி, "அறுபதுன்னு போட்டுக்கப்பா" என்றார். தனுஷ்கோடிப் புயலப்போ பிள்ளைங்க இருந்தாங்களா என்று கேட்டேன். "மூத்தவன் தவழ்ந்துக்கிட்டிருந்தான்." அந்தப் புயல் 1964 டிசம்பர். கணக்குப் போட்டால் அவர் வயது எழுபதை ஒட்டி வந்தது. இப்படி 0, 5 என்று முடியும் வயதுகளில் ஆட்கள் குவிவார்கள். விப்பிள் குறியீட்டைக் கையாலேயே போடுங்கள்: 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் அப்படி முடியும் வயதினரை எண்ணி, ஐந்தால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 100 வந்தால் குவியல் இல்லை. 500 என்றால் எல்லோருமே உருட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

3. வயது பிரிக்காத மொட்டை விகிதத்தை வைத்து ஊர்களை ஒப்பிடாதீர்கள். 2011இல் மாதிரிப் பதிவுத் திட்டம் தந்த இறப்பு விகிதம், ஆயிரம் பேருக்குத் தமிழ்நாட்டில் 7.4, பீகாரில் 6.7. அதே ஆண்டு, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை இங்கே 22, அங்கே 44. இங்கே முதியவர்கள் அதிகம், அவ்வளவுதான். வயதுவாரியாகப் பிரியுங்கள், ஆயுள் அட்டவணை போடக் கற்றுக்கொள்ளுங்கள்.

4. விடுபட்டதையும் எண்ண முடியும். கல்கத்தாவை அடுத்த சிங்கூரின் பதிவுகளை வைத்து சி. சந்திரசேகரனும் டெமிங்கும் 1949இல் வெளியிட்ட முறை இன்றும் எனக்கு வியப்புதான். பதிவேட்டில் 80 பிறப்பு, வீடு வீடாகப் போனவர் கண்டது 90, இரண்டிலும் இருப்பது 72 என்று வையுங்கள். 80ஐ 90ஆல் பெருக்கி 72ஆல் வகுத்தால் 100. இருவர் கண்ணிலும் படாதவை 2. ஆனால் ஒருவர் ஏட்டைப் பார்த்து மற்றவர் எழுதியிருந்தால், இரண்டிலும் இருப்பவை கூடி, மொத்தம் குறைந்துவிடும். களத்தில் இதை விசாரிக்காமல் சூத்திரத்தைத் தொடாதீர்கள்.

5. முன்கணிப்பு என்பது நிபந்தனையோடு சொன்ன சொல். கருவளம் இப்படிக் குறைந்தால், இறப்பு இப்படிப் போனால், இத்தனை பேர் வந்தால் இவ்வளவு. இந்த 'ஆல்'களை அட்டவணைக்கு மேலேயே எழுதுங்கள். 2001 கணக்கெடுப்பிலிருந்து போட்ட அரசு முன்கணிப்பு, தமிழ்நாட்டுக்கு 2011இல் சுமார் 6.74 கோடி என்றது. எண்ணியபோது 7.21 கோடி. வெளியிலிருந்து வந்தவர்களா, 2001இல் விடுபட்டவர்களா, கருவளம் நினைத்த அளவு குறையவில்லையா? ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பிறப்புக்கும் இறப்புக்கும் பதிவேடு உண்டு. பிழைப்புத் தேடி ரயிலேறி வருபவருக்கு ஏது பதிவேடு? நம் கணக்கு அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

6. முதல் பயிற்சிக்குச் சொந்த மாவட்டம் போதும். 2001இல் 10–14 வயதில் இருந்த பெண்களை 2011இல் 20–24 வயதில் தேடுங்கள். அந்த வயதில் சாவு சொற்பம். எண்ணிக்கை கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும், கல்யாணமா, பனியன் கம்பெனி வேலையா, படிப்பா, வயதைத் தப்பாகச் சொன்னதா என்று ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள்.